முதிர்ந்த காற்று

மட்டக்களப்புப் படுவான்கரைப் பக்கத்தில் நெடுநாள் மூடிக் கிடந்த கிணற்றைத் தூர் எடுக்க இறங்குகிறவர்கள், முதலில் ஒரு விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். சுடர் சுருங்கினால் யாரும் இறங்கமாட்டார்கள். கிணற்றுக்குள் மூச்சுக்குக் காற்று இல்லை என்பதை விளக்கு சொல்லிவிடும். பல உயிர்களைக் காத்த பழக்கம் அது.

யுரேனியச் சுரங்கத்துக்குள் அதே விளக்கு நிலையாக நின்று எரியும். அங்கே பாறையிலிருந்து கசியும் ரேடன் என்ற கதிரியக்க வாயு சுடரை அணைக்காது. மணம் இல்லை, நிறம் இல்லை, கண் எரியாது, தலை சுற்றாது. அன்றைக்கு எதுவும் நடக்காது. சுரங்க வேலையை விட்டுப் பல வருடங்கள் கழிந்த பிறகு நுரையீரலில் புற்றுநோய் என்று மருத்துவர் சொல்லும்போதுதான் கணக்கு வெளியே வரும். இந்த வாயுவை விளக்கால் பிடிக்க முடியாது, கடிகாரத்தால் பிடிக்கலாம். ரேடன் கட்டுப்பாடு என்று பெரிய பெரிய புத்தகங்களில் எழுதியிருப்பதெல்லாம் கடைசியில் ஒரு கேள்வியில் வந்து நிற்கிறது: இந்த இடத்துக் காற்றுக்கு எத்தனை நிமிட வயது?

இலங்கையில் யுரேனியச் சுரங்கம் கிடையாது. ஆனாலும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பொறியியல் படித்த பிள்ளைகளும், கனரக வாகனம் ஓட்டத் தெரிந்தவர்களும், வெல்டிங் தெரிந்தவர்களும் அவுஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் போகிறார்கள். தென் அவுஸ்திரேலியாவின் ஒலிம்பிக் டேமிலும், கனடாவின் சஸ்காச்சுவானில் உள்ள சிகார் லேக், மக்ஆர்தர் ரிவர் சுரங்கங்களிலும் நிலத்தடியில்தான் வேலை. "காற்றோட்டம் முக்கியம்" என்ற வாசகம் எங்கும் சுவரில் இருக்கும். ஏன் முக்கியம், எவ்வளவு வேண்டும், எங்கே பிழை நேரும் என்பது தாய்மொழியில் தெளிவாக விளங்கியிருந்தால், பிழை நடக்கிற இடத்தை ஒரு ஆள் தன் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடலாம். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

வயது என்ற சொல்லை முதலில் விளக்கிவிட வேண்டும். பாறையில் இருக்கும் யுரேனியம்-238 படிப்படியாகச் சிதைந்து ரேடியம்-226 ஆகிறது. ரேடியத்தின் அரை ஆயுள், அதாவது பாதி சிதையப் பிடிக்கும் காலம், 1600 வருடம். ரேடியம் சிதைந்தால் ரேடன்-222. இந்தச் சங்கிலியில் வாயுவாக இருப்பது இது ஒன்றுதான். அதனால்தான் பாறை வெடிப்புக்குள் இருந்து நழுவி வெளியே வர அதற்கு முடிகிறது. ரேடனின் அரை ஆயுள் 3.82 நாள். மூச்சோடு உள்ளே போன ரேடனில் பெரும்பகுதி சிதைய நேரமில்லாமல் அடுத்த மூச்சிலேயே வெளியே வந்துவிடும். நுரையீரலைக் கெடுப்பது பெரும்பாலும் ரேடன் அல்ல, ரேடன் பெற்ற சேய்கள்: 3.1 நிமிட அரை ஆயுள் கொண்ட பொலோனியம்-218, 27 நிமிட ஈயம்-214, 20 நிமிட பிஸ்மத்-214, வினாடியில் ஆறாயிரத்தில் ஒரு பங்கு நேரம்கூட நிற்காத பொலோனியம்-214. இவை வாயு அல்ல, உலோக அணுக்கள். தூசியில் ஒட்டும், டீசல் புகையில் ஒட்டும், மூச்சுக்குழாயின் ஈரச் சுவரில் ஒட்டும். ஒட்டிய இடத்திலேயே இரண்டு பொலோனியங்களும் அல்பாத் துகள் என்ற கதிர்வீச்சை விடும்.

பாறையிலிருந்து இப்போதுதான் வெளிவந்த ரேடனில் சேய்கள் கிடையாது. நேரம் போகப் போகத்தான் அவை சேரும். சேய்களின் அளவைச் சுரங்கங்களில் "வேர்க்கிங் லெவல்" என்ற அலகில் சொல்வார்கள். ஒரு கனமீற்றருக்கு 3700 பெக்கரல் (வினாடிக்கு ஒரு சிதைவு ஒரு பெக்கரல்) ரேடன் தன் சேய்களோடு முழுச் சமநிலையில், அதாவது சேய்கள் உருவாகும் வேகமும் சிதையும் வேகமும் சமமாக, இருந்தால் அது 1 வேர்க்கிங் லெவல். அதே 3700 பெக்கரல், ஆனால் புத்தம் புதிய ரேடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிட வயதில் சுமார் 0.02 வேர்க்கிங் லெவல். பத்து நிமிடத்தில் 0.16. இருபது நிமிடத்தில் 0.29. நாற்பது நிமிடத்தில் 0.53. ரேடனின் அளவு ஏறக்குறைய அப்படியே இருக்க, ஆபத்து மட்டும் இருபத்தைந்து மடங்கு ஏறிவிட்டது. மீன் சந்தையில் கூடைக்கு முன்னால் நின்று "எப்ப புடிச்ச மீன்?" என்று கேட்கிறோமே, சுரங்கக் காற்றிடமும் கேட்க வேண்டியது அதே கேள்விதான்.

இதிலிருந்து வரும் ஒரு கணக்கைச் சுரங்கத்தில் கால் வைக்கிற எல்லோரும் மனப்பாடம் செய்து வைத்திருக்க வேண்டும். காற்றின் அளவை இரண்டு மடங்காக்கினால் ரேடன் பாதியாகும். ஆனால் காற்று அந்த இடத்தில் தங்கும் நேரமும் பாதியாவதால், சேய்களின் அளவு பாதியோடு நிற்காமல் ஏறக்குறைய மூன்றரையில் ஒரு பங்காக இறங்கும். நல்ல செய்தி. அதே கணக்கு மறுபக்கமும் வெட்டும். குழாய் கிழிந்து காற்று பாதியாகக் குறைந்தால், அளவு மூன்றரை மடங்கு ஏறும். "கொஞ்சம் காற்றுக் குறைவு, பரவாயில்லை" என்ற பேச்சு வேறு சுரங்கங்களில் ஓரளவு செல்லலாம். யுரேனியச் சுரங்கத்தில் செல்லாது.

இந்த விளக்கம் கிடைக்க மனிதர்கள் கொடுத்த விலை பெரிது. ஜேர்மனியின் ஷ்னீபேர்க் சுரங்கத் தொழிலாளர்கள் மார்பு நோயால் சாவது பதினாறாம் நூற்றாண்டிலேயே தெரிந்திருந்தது. அது நுரையீரல் கட்டி என்று ஹார்ட்டிங், ஹெஸ்ஸே என்ற இரு மருத்துவர்கள் 1879இல் எழுதினார்கள். கேடு செய்வது பெரும்பாலும் ரேடனின் சேய்கள்தான் என்று அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் பேல் 1951இல் கணக்குக் காட்டினார். அமெரிக்காவில் ஆண்டுக்கு 4 வேர்க்கிங் லெவல் மாதம் (ஒரு ஆளுக்குச் சேரும் மொத்தத்தைச் சொல்லும் அலகு, கணக்கு பின்னால் வரும்) என்ற வரம்பு நடைமுறைக்கு வந்தது 1971இல். இடைப்பட்ட இருபது வருடமும் கொலராடோ மேட்டுநிலச் சுரங்கங்களில் பூர்வகுடிகளான நவஹோ மக்கள் உட்படப் பலர் போதிய விசிறி இல்லாத குகைகளில் பாறை உடைத்தார்கள். இழப்பீட்டுச் சட்டம் வந்ததே 1990இல். காற்றடிக்கும் விசிறி 1951இலும் இருந்தது என்பதை நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது.

இனி அமைப்புக்கு வருவோம். இதை விளங்கிக்கொள்ள அம்பாறை வயற்காரருக்குப் பொறியியல் படிப்பு தேவையில்லை. கல்லோயாத் தண்ணீர் வட்டைக்குள் வரும்போது, ஒரு வயலின் வக்கடையால் அடுத்த வயலுக்கு, அங்கிருந்து அதற்கடுத்த வயலுக்கு என்று பாய்ந்தால் கடைசி வயற்காரருக்கு எஞ்சுவது எல்லார் வயலையும் கழுவி வந்த தண்ணீர். ஒவ்வொரு வயலுக்கும் வாய்க்காலில் இருந்து தனி வக்கடையும், கழிவுக்குத் தனி வடிச்சலும் இருந்தால் அந்தப் பிரச்சினை இல்லை. சுரங்கத்திலும் அப்படியே. நல்ல காற்று வரும் பாதையில் இருந்து, பாறை உடைக்கும் ஒவ்வொரு வேலை முகப்புக்கும் தனிக் கிளை பிரிய வேண்டும். முகப்பைக் கழுவிய காற்று இன்னொரு முகப்புக்குப் போகக்கூடாது, நேரே வெளியேறும் பாதையில் சேர வேண்டும். ஒரு முறை தொட்ட காற்று இரண்டாம் முறை ஆளைத் தொடக்கூடாது. நிலக்கரிச் சுரங்கத்திலோ செம்புச் சுரங்கத்திலோ ஒரே காற்றை இரண்டு மூன்று இடங்களுக்குத் தொடராகக் கொண்டு போனால் செலவு குறையும். இங்கே அந்தச் சிக்கனம் நுரையீரலில் இருந்து கழிக்கப்படும்.

காற்று வரும் பாதையைத் தாதுப் படிவத்துக்கு வெளியே, வெறும் பாறையில் வெட்டுவது அடுத்த விதி. தாதுக்குள் வெட்டினால் முகப்புக்கு வந்து சேரும் முன்பே காற்று ரேடனைச் சுமந்து, வயதும் ஏறி வரும். வெளியேறும் பாதை தாதுக்குள் போகலாம், அங்கே ஆள் நிற்கப்போவதில்லை. வரைபடத்தில் இது சரியாகத்தான் இருக்கும், கெடுவது நடைமுறையில். வசதி என்று சொல்லி உடைத்த தாதுவை வரவுப் பாதையின் ஓரத்தில் குவித்து வைப்பார்கள். தாது ஏற்றிய லொறியை மதியச் சாப்பாட்டு நேரம் அங்கேயே நிறுத்துவார்கள். பாறையை உடைத்தால் அதன் மேற்பரப்புப் பெருகும், பூட்டியிருந்த ரேடன் அவிழும். அந்தக் குவியலின் மூச்சு சுரங்கம் முழுவதற்கும் போகும். காற்றுக் கதவைத் திறந்து கல்லை முட்டுக் கொடுத்துவிட்டுப் போவது இன்னொரு பிழை. வரவுப் பாதைக்கும் வெளியேற்றப் பாதைக்கும் நடுவே எப்போதும் இரண்டு கதவுகள் இருக்க வேண்டும், ஒன்று மூடிய பிறகுதான் மற்றது திறக்க வேண்டும். இரண்டும் ஒருசேரத் திறந்து நின்றால் காற்று குறுக்கு வழியில் ஓடிவிடும். உள்ளே முகப்பில் நிற்பவருக்கு அது தெரியவே தெரியாது.

முகப்பு என்பது ஒரு பக்கம் அடைபட்ட குகை. பிரதான காற்று அதன் வாசலைக் கடந்து போய்விடும், உள்ளே திரும்பாது. துணை விசிறியும் குழாயும் கொண்டு உள்ளே தள்ள வேண்டும். பெரும்பாலான கோளாறு பிறக்கிற இடமும் இதுதான், ஆகவே இதைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்க வேண்டும்.

4 மீற்றர் அகலம், 4 மீற்றர் உயரம், 100 மீற்றர் நீளமுள்ள ஒரு குடைவு. உள்ளே 1600 கனமீற்றர் காற்று. குழாய் வழியாக முகப்பில் வினாடிக்கு 8 கனமீற்றர் விழுந்தால் 200 வினாடியில், அதாவது மூன்று நிமிடம் சொச்சத்தில் உள்ளிருப்பது முழுவதும் மாறிவிடும். நல்ல இளம் காற்று. இப்போது மண் அள்ளும் லோடர் திரும்பும்போது அதன் வாளி துணிக்குழாயைக் கிழித்துவிடுகிறது. விசிறி அதே சத்தத்தில் சுற்றுகிறது, குழாயும் பாதி வரை உப்பித்தான் நிற்கிறது. முகப்பில் விழுவதோ 4 கனமீற்றர். தங்கும் நேரம் ஆறு நிமிடம் நாற்பது வினாடி. சேய்களின் அளவு மூன்றரை மடங்கு. விசிறியின் இரைச்சலைக் கேட்டுக் காற்று வருகிறது என்று நம்புவது இங்கே மிகப் பொதுவான ஏமாற்றம். குழாயின் கடைசி வாயில் கையை வைத்துப் பார்க்க வேண்டும், காற்றுவேகமானியால் அளக்க வேண்டும். குழாயின் வாய் முகப்பில் இருந்து ஏறக்குறைய 10 மீற்றருக்குள் இருக்க வேண்டும். வெடி வைத்து முன்னேறுகிற ஒவ்வொரு சுற்றுக்கும் குழாயை நீட்ட வேண்டும். "அடுத்த சிப்டுக்காரர் நீட்டட்டும்" என்று விட்டால், குழாய் வாய்க்கும் முகப்புக்கும் நடுவே ஒரு தேங்கிய பை உருவாகிவிடும். துளை போடுகிறவர் முழு நேரமும் நிற்பது அந்தப் பைக்குள்தான்.

விசிறியை எங்கே வைக்கிறோம் என்பதில் இன்னொரு பொறி இருக்கிறது. குடைவின் வாசலுக்கு நல்ல காற்று வரும் பக்கமாக, வாசலில் இருந்து சில மீற்றர் தள்ளி விசிறி நிற்க வேண்டும். வாசலிலேயே வைத்தால், உள்ளிருந்து திரும்பி வரும் பழைய காற்றையே அது மறுபடி இழுத்து உள்ளே அனுப்பும். சரியான இடத்தில் வைத்தாலும், வாசலைக் கடக்கும் பிரதான காற்றைவிடக் கூடுதலாக இழுக்கும் விசிறியாக இருந்தால் முடிவு அதேதான்: குறையை நிரப்பப் பழைய காற்று திரும்பி வரும். பெரிய விசிறி வாங்கிப் பூட்டியும் அளவு ஏறுகிறதென்றால் முதலில் பார்க்க வேண்டியது இதை. புகைக்குப்பியை உடைத்து வாசலில் பிடித்தால் புகை எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணுக்கே தெரிந்துவிடும்.

வேலை முடிந்து கைவிட்ட குகைகள் தனி வகை ஆபத்து. காற்றோட்டம் இல்லாத இடத்தில் ரேடன் சேர்ந்துகொண்டே போய், நான்கு வாரத்தில் உச்ச அளவை ஏறக்குறைய முழுவதாக எட்டிவிடும். அதை அடைப்புச் சுவர் கட்டி மூட வேண்டும். மரச்சட்டம், அதன் மேல் தடித்த பொலித்தீன் அல்லது கம்பி வலை, அதன் மேல் தெளிப்புக் கொங்கிறீட், விளிம்பில் பாறையோடு சேரும் இடமெல்லாம் நுரைப்பூச்சு. கசிவது பெரும்பாலும் சுவரின் நடுவில் அல்ல, விளிம்பில், பாறை வெடிப்பில். பக்கத்தில் வெடி வைக்கும்போதெல்லாம் அந்த விளிம்பு பிளக்கும்.

ஆனால் வெறுமனே மூடினால் போதாது. வளிமண்டல அமுக்கம் குறையும்போது மூடிய குகை மூச்சு விடும். 50,000 கனமீற்றர் வெற்றிடம் ஒன்று சுவருக்குப் பின்னால் இருக்கிறது, அமுக்கம் 10 ஹெக்டோபாஸ்கல் இறங்குகிறது என்றால், ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு, 500 கனமீற்றர் முற்றிய காற்று வெளியே வரப் பார்க்கும். 1978 நவம்பர் சூறாவளியை இன்னும் மறக்காத ஊர் எங்களுடையது. தாழமுக்கம் என்ற சொல் இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சுரங்கத்தில் தாழமுக்க நாளில் பழைய குகை கக்கும் என்று நினைவில் வைத்தால் போதும். பரிகாரம் இதுதான்: அடைப்புச் சுவரின் ஊடாக ஒரு சிறிய குழாயைச் செருகி, அதை வெளியேற்றப் பாதையோடு இணைத்துக் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும். சுவருக்குப் பின்னால் அமுக்கம் எப்போதும் முன்புறத்தைவிடக் குறைவாக இருந்தால், கசிவு இருந்தாலும் நல்ல காற்று உள்ளே போகுமே தவிரக் கெட்டது வெளியே வராது. சுவரின் இருபுறமும் குழாய் விட்டு அமுக்கமானி பூட்டி அந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்கும்படி வைக்க வேண்டும்.

குகையைச் சீமெந்து கலந்த நிரப்பால் அடைப்பது இதைவிடச் சிறந்தது. வெற்றிடம் இல்லையென்றால் சேர இடமில்லை. எதைக் கொண்டு நிரப்புகிறோம் என்பதில் மட்டும் கவனம் வேண்டும். ஆலையில் யுரேனியத்தைப் பிரித்தெடுத்த பிறகு எஞ்சும் சக்கையில் யுரேனியம்தான் போயிருக்கும், ரேடியம் போகாது. தாதுவின் கதிரியக்கத்தில் ஏறக்குறைய 85 வீதம் சக்கையிலேயே தங்கும். அதையே நிரப்பாகப் போட்டால் அதுவும் ரேடன் விடும்.

தண்ணீரைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பாறை வெடிப்பில் அமுக்கத்தோடு இருக்கும் நீரில் ரேடன் கரைந்திருக்கும். அது சுரங்கத்துக்குள் ஒழுகிக் காற்றைக் கண்டதும் விட்டுவிடும். சலசலத்து ஓடினால் இன்னும் வேகமாக விடும். திறந்த கானில் நீரை ஓட விடுவது, அதுவும் வரவுப் பாதையோரம், தெரிந்தே செய்கிற தவறு. ஊற்றுக்கண்ணிலேயே பிடித்து மூடிய குழாயில் எடுத்து, மூடிய தொட்டிக்கு விட்டு, தொட்டியின் காற்றை வெளியேற்றப் பாதைக்கு அனுப்ப வேண்டும். சிகார் லேக்கிலும் மக்ஆர்தர் ரிவரிலும் தாதுவைச் சூழ்ந்த நிலத்தையே உப்புக் கரைசல் ஓட்டி உறைய வைக்கிறார்கள். வெள்ளத்தைத் தடுப்பது முதற் காரணம், ரேடன் சுமந்த நீர் வேலை இடத்துக்கு வராமல் நிற்பது கூடவே கிடைக்கும் பெரிய நன்மை. அம்பாறைப் பக்கக் கருங்கற் பாறையில் தோண்டிய குழாய்க்கிணறு வைத்திருப்பவர்கள் இதைப் படித்துப் பயப்படத் தேவையில்லை. சாளரம் திறந்து, ஓட்டிடுக்கால் காற்று போய்வரும் எங்கள் வீடுகளில் ரேடன் தங்குவது கடினம்.

அளக்கும் முறைக்கு வருவோம். கருவிகள் பல வந்துவிட்டன. ஆனாலும் குஸ்னெட்ஸ் முறை கையில் இருக்க வேண்டும், ஏனென்றால் அதில் ஒவ்வொரு படியும் கண்ணுக்குத் தெரியும். ஆள் வேலை செய்யும் இடத்தில், மூக்கு உயரத்தில், நிமிடத்துக்கு 2 லீற்றர் இழுக்கும் சிறு பம்பை 5 நிமிடம் ஓட விட வேண்டும். 10 லீற்றர் காற்று கண்ணாடிநார் வடிதாள் வழியாகப் போகும், சேய்கள் தாளில் தங்கும். நிறுத்திய நேரத்தை உடனே எழுத வேண்டும். அதிலிருந்து 40 முதல் 90 நிமிடத்துக்குள் அல்பா எண்ணியில் வைத்து எண்ண வேண்டும். கிடைத்த நிமிட எண்ணிக்கையில் இருந்து பின்புல எண்ணிக்கையை (வெற்றுத் தாளிலும் வருவதை) கழித்து, எண்ணியின் திறன், லீற்றர் அளவு, நேரக் காரணி மூன்றையும் பெருக்கி வந்ததால் வகுக்க வேண்டும். காரணி 40ஆம் நிமிடத்தில் 150, 60ஆம் நிமிடத்தில் 110, 90ஆம் நிமிடத்தில் 60. திறன் 0.30, காற்று 10 லீற்றர், 60ஆம் நிமிடத்தில் 330 எண்ணிக்கை என்றால் சரியாக 1 வேர்க்கிங் லெவல். 99 என்றால் 0.3.

இதில் பிழை எங்கே புகும்? 90ஆம் நிமிடத்தில் எண்ணிவிட்டு 60ஆம் நிமிடக் காரணியைப் போட்டால், 1 என்பது 0.55 ஆகத் தெரியும். பம்ப் 2 லீற்றர் என்று காட்டி உண்மையில் ஒன்றரை இழுத்தால் கால்பங்கு குறைந்து தெரியும். தாள் நனைந்திருந்தால் நீர்ப்படலமே அல்பாவை விழுங்கிவிடும், அல்பாத் துகளுக்கு அவ்வளவுதான் ஊடுருவும் சக்தி. தாளைத் தலைகீழாக வைத்தாலும் இதே கதி. இங்கே சொன்ன எல்லாப் பிழையும் ஒரே பக்கம் சாய்வதைக் கவனியுங்கள்: ஆபத்தைக் குறைத்துக் காட்டும் பக்கம். அதனால் குறைந்த எண் வந்தால் மகிழ்வதற்கு முன் மறுபடி ஒருமுறை அளப்பது நல்லது. அமெரிக்க விதிப்படி யுரேனியச் சுரங்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது, முன்னறிவிக்காத நேரத்தில் அளக்க வேண்டும். 0.3ஐத் தாண்டினால் வாராவாரம், தொடர்ந்து ஐந்து வாரம் 0.3க்குள் வரும்வரை.

1 வேர்க்கிங் லெவலில் 170 மணித்தியாலம் நின்றால் அது 1 வேர்க்கிங் லெவல் மாதம். வருடம் 2040 மணித்தியாலம் 0.3இல் நின்றவருக்குச் சேர்வது 3.6. அமெரிக்க வரம்பான 4க்குள்தான். ஆனால் சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணைக்குழு 2017இல் வெளியிட்ட மாற்றுக் காரணியின்படி ஒரு வேர்க்கிங் லெவல் மாதம் ஏறக்குறைய 10 மில்லிசீவர்ட் (உடல் ஏற்ற கதிர்வீச்சை அளக்கும் அலகு). அப்படியென்றால் அந்த அமெரிக்க வரம்பு 40 மில்லிசீவர்ட். தொழிலாளருக்கு ஐந்து வருடச் சராசரியாக ஆணைக்குழு சொல்வதோ ஆண்டுக்கு 20. 0.3 வந்தால் சரி என்று நிற்பது போதாது. 0.1ஐ நோக்கிக் காற்றை வடிவமைக்க வேண்டும்.

முகமூடியை நம்பி வேலை செய்யக்கூடாது. நல்ல வடிகட்டி சேய்களைப் பிடிக்கும், ரேடனை விட்டுவிடும். தாடி இருந்தால் ஓரத்தால் காற்றே நுழையும். வெப்பத்தில் எட்டு மணித்தியாலம் யாரும் அதைக் கழற்றாமல் இருப்பதில்லை. உடைந்த குழாயைச் சரிசெய்யப் போகிறவருக்கு அரை மணித்தியாலத்துக்கு அது உதவும். 10 வேர்க்கிங் லெவலுக்கு மேல் என்றால் வடிகட்டி முகமூடி போதவே போதாது, வெளியில் இருந்து நல்ல காற்று ஊட்டும் கவசம் வேண்டும். புகைப்பழக்கம் உள்ளவருக்கு ரேடனின் கேடு பல மடங்கு. சுரங்க வேலைக்குப் போகிறவர் சிகரெட்டைக் கைவிடுவது விசிறிக்கு அடுத்த பாதுகாப்பு.

கடைசியாக, மின்சாரம் போகிற நேரம். விசிறி நின்ற கணத்தில் இருந்து காற்றுக்கு வயது ஏறத் தொடங்கும். கருவிகளை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் வரவுப் பாதைப் பக்கம் வர வேண்டும். மின்சாரம் திரும்பியதும் உடனே உள்ளே ஓடக்கூடாது. விசிறி முதலில் தள்ளி வெளியேற்றுவது அவ்வளவு நேரம் தேங்கி முற்றிய காற்றை, ஆகவே அது போகும் பாதையில் யாரும் நிற்கக்கூடாது. மேலே சொன்ன 1600 கனமீற்றர் குடைவுக்கு 8 கனமீற்றர் வீதம் மூன்று முறை காற்று மாறப் பத்து நிமிடம் பிடிக்கும். அப்போதும் பழையதில் நூற்றுக்கு ஐந்து பங்கு மிஞ்சும், மூலை முடுக்குகளில் இன்னும் கூட. இன்னொரு பத்து நிமிடம் விட வேண்டும். பிறகு அளக்கிறவர் மட்டும் பம்போடு உள்ளே போய், குழாயின் வாயில் கையை வைத்துப் பார்த்து, காற்றை எடுத்து வந்து எண்ணி, வந்த எண்ணையும் நேரத்தையும் குடைவின் வாசலில் உள்ள பலகையில் எழுத வேண்டும். பலகையைப் பார்த்த பிறகுதான் துளைக்காரர் உள்ளே போகலாம்.